சாவி யாரிடம் இருக்கிறது?

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் நம் பள்ளிகளில் ஒருவகை அவசரம் குடியேறிவிடுகிறது. பாடத்தை முடிக்க வேண்டும். திருப்புதல் தேர்வு நடத்த வேண்டும். விடைத்தாள் திருத்த வேண்டும். இந்த அவசரத்தில் முதற்பலியாவது எது? கால அட்டவணையில் வாரம் ஒருமுறை தலைகாட்டும் நூலகப் பாடவேளைதான். அதைக் கணிதத்திற்கோ ஆங்கிலத்திற்கோ தாரை வார்த்துவிட்டு, மாணாக்கருக்கு நன்மை செய்துவிட்டதாக நாம் மனநிறைவு கொள்கிறோம். அது நன்மையன்று, களவு. களவாடியோருள் நாமும் அடக்கம் என்பதால், இதைச் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

இக்களவில் மிகுதியும் இழப்பவர்கள் ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். பதினொன்று முதல் பதின்மூன்று வயது வரையிலான இவர்கள் குழந்தைகளும் அல்லர், இளைஞர்களும் அல்லர். கதை கேட்கும் வயது கடந்துவிட்டது என்று வீடு நினைக்கிறது. பொதுத்தேர்வு எழுதும் வயது வரவில்லை என்று பள்ளி நினைக்கிறது. சிறப்பு வகுப்பும் மாலைச் சுண்டலும் பத்தாம் வகுப்பிற்கே போய்ச் சேருகின்றன. தமிழகத்தில் எட்டாம் வகுப்பு வரை எவரையும் நிறுத்திவைப்பதில்லை. நல்ல விதிதான், தோல்வி என்ற முத்திரையைப் பிஞ்சு நெற்றியில் குத்தாத விதி. ஆயின், நிறுத்திவைக்காத பிள்ளையை நாம் கைப்பிடித்து நடத்திச் செல்கிறோமா, அல்லது படியில் தள்ளிவிடுகிறோமா? ஆண்டு முடிவது வேறு. பிள்ளை ஆண்டை முடிப்பது வேறு. முன்னதை நாட்காட்டி செய்துவிடும். பின்னதற்கு ஆசிரியர் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், மார்ச் மாதப் பிற்பகல் ஒன்றில், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனைக் கடிந்துகொண்டோம். துணைப்பாடக் கதையை வாசிக்கச் சொன்னால், நான்காம் வரியிலேயே திக்கி நின்றுவிட்டான். "வீட்டில் ஏதாவது படிக்கும் பழக்கம் உண்டா?" என்று கேட்டோம். இல்லையென்று தலையசைத்தவன், எவ்விதக் குறும்பும் இன்றி, "நீங்க என்ன சார் படிக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்டான். வகுப்பு அமைதியாயிற்று. நாளிதழைச் சொல்லலாமா என்று எண்ணினோம், கூச்சம் தடுத்தது. பட்டப்படிப்பில் பயின்ற நூல்களுக்குப் பிறகு, விருப்பத்தோடு கடைசிப் பக்கம் வரை வாசித்த நூல் எது என்று உள்ளுக்குள் துழாவினோம். ஒன்றும் அகப்படவில்லை. அந்தப் பிள்ளை வாசிக்காததற்கு ஆயிரம் காரணம் உண்டு. நாம் வாசிக்காததற்கு என்ன காரணம்?

அன்றைக்கு அப்பள்ளியின் நூலக அலமாரியைத் திறக்கச் சாவி கேட்டோம். யாரிடம் இருக்கிறதென்று தெரிந்துகொள்ளவே இரண்டு நாள் ஆயிற்று. திறந்தபோது தூசியும் பூச்சிமருந்து வாடையும் எதிர்கொண்டன. புத்தகம் தொலைந்தால் கணக்குக் கேட்பார்கள் என்பதே பூட்டி வைத்ததற்குச் சொல்லப்பட்ட நியாயம். வாசிக்கப்படாமல் செல்லரித்த புத்தகத்திற்கு யார் கணக்குக் கேட்டார்கள்?

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ்கள், இதழ்கள், கதைநூல்கள் உள்ளிட்ட நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. கதைநூல் என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது! சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீர்காழி இரா. அரங்கநாதன், அதற்குமுன் கணிதம் கற்பித்த ஆசிரியர். நூல்கள் பயன்பாட்டிற்கே என்பதை நூலக இயலின் முதல் விதியாகவே 1931இல் அவர் வகுத்தார். அவர் பிறந்த மண்ணில் நாம் அலமாரிகளைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

"நேரம் எங்கே இருக்கிறது?" என்பர் நம் சகோதர ஆசிரியர்கள். இக்கேள்வியை நாம் இகழவில்லை. வருகைப் பதிவு முதல் நலத்திட்ட விவரம் வரை செயலியில் ஏற்றியே பாதி நாள் கழிகிறது. தேர்தல் பணியும் கணக்கெடுப்புப் பணியும் சட்டமே அனுமதித்த சுமைகள். இச்சுமையைக் குறைக்கும்படி சங்கங்கள் போராடுவது முற்றிலும் நியாயம். ஆனால், சுமை இறங்கும் நாள் வரை பிள்ளைகளின் வயது காத்திராது. "கைப்பேசி வந்தபின் பிள்ளைகள் எங்கே வாசிக்கிறார்கள்?" என்பது அடுத்த சாக்கு. ஆசிரியர் ஓய்வறையில் சற்றே எட்டிப் பார்த்துவிட்டு இக்கேள்வியைக் கேட்பது நன்று.

பின்னாளில் திருத்தந்தை பிரான்சிஸ் ஆகி 2025 ஏப்ரலில் மறைந்தவர், 1964-65இல் அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே நகரப் பள்ளியில் இலக்கியம் கற்பித்த இளம் ஆசிரியர். பாடத்திட்டம் விதித்த பழங்காவியத்தில் மாணவர்களுக்கு மனம் ஒட்டவில்லை. அவர்கள் கவிஞர் லோர்காவைக் கேட்டார்கள். காவியத்தை வீட்டில் படித்துவரச் சொல்லிவிட்டு, வகுப்பில் அவர்கள் விரும்பிய எழுத்தாளர்களைப் பற்றியே பேசியதாக, இலக்கிய வாசிப்பு பற்றிய 2024ஆம் ஆண்டு மடலில் அவரே நினைவுகூர்கிறார். பாடத்திட்டத்தை அவர் கைவிடவில்லை, பிள்ளைகளையும் கைவிடவில்லை. தாம் வாசித்த ஆசிரியராக இருந்ததால்தான் அத்துணிவு அவருக்கு வாய்த்தது. வாசிக்காத ஆசிரியரிடம் ஒரு பிள்ளை வேறொரு நூலைக் கேட்டால், அவர் எடுத்து நீட்டுவது கையேட்டைத்தான்.

தமிழில் கொடுப்பதற்கு நூல் இல்லையா? சாகித்திய அகாதெமி சிறார் இலக்கியத்திற்கு 2010 முதல் விருது வழங்கிவருகிறது. தமிழுக்கான முதல் விருது ம. கமலவேலனின் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி'க்கு, 2020இல் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' அதைப் பெற்றது. இவற்றுள் ஒன்றையேனும் நம்மில் எத்தனை பேர் கையில் எடுத்திருக்கிறோம்?

அவ்வாண்டு எஞ்சியிருந்த நாள்களில், பிற்பகல் முதல் பாடவேளையின் முதல் பத்து நிமிடத்தை ஒதுக்கி, ஒரு சிறுவர் நாவலை உரக்க வாசித்தோம். முந்தைய இரவு நாம் வாசித்துச் சுவைத்த பக்கங்களையே மறுநாள் வகுப்பில் வாசித்தோம். திருப்புதல் கெட்டுவிடவில்லை. மதியச் சாப்பாட்டிற்குப் பின் காணாமற்போகும் சிலர், கதை என்னவாயிற்று என்று அறிய உட்கார்ந்திருந்தார்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் கடைசி அத்தியாயம் வந்தது. திக்கி நின்ற அதே பையன், கடைசிப் பக்கத்தைத் தானே வாசிப்பதாகக் கேட்டு வாங்கினான். திக்கியேதான் வாசித்தான். ஆனால் நிறுத்தவில்லை, முடித்தான். எதையும் முடித்தறியாத பிள்ளைக்கு அந்த ஒரு பக்கம் ஓர் ஆண்டின் நிறைவு.

எனவே நம்மையும் சேர்த்தே கேட்கிறோம், ஆசிரியப் பெருமக்களே: வரும் சூனில் பள்ளி திறக்கும்முன், இக்கோடை விடுமுறையில், மாணாக்கருக்குச் சொல்லத்தக்க ஒரு நூலை முழுமையாக வாசிப்போமா? திறந்தவுடன் அலமாரியின் சாவியைத் தேடி எடுத்து, வகுப்பிலேயே ஓர் ஆணியில் தொங்கவிடுவோமா? "நீங்கள் என்ன படிக்கிறீர்கள்?" என்று எந்தப் பிள்ளையும் எந்த நாளும் கேட்கலாம். அன்று நம்மிடம் ஒரு விடை இருக்கட்டும்.