கன்னம் உப்பினால் குணமா?

குடல் அழற்சி கிளம்பும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் போதும், துறைமுகக் கூலிக்கும் உப்பளத் தொழிலாளிக்கும் வேறு வைத்தியம் கட்டுப்படியாகாது என்று சென்ற இதழில் எழுதியிருக்கிறார் மருத்துவ நண்பர். ஏழையின் பெயரைச் சொல்லி ஏழைப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் இது.

வ.உ.சி. துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் ஒருவர் மகனோடு வந்தார். "பய கன்னமெல்லாம் வச்சு நல்லா தேறிட்டாம்லா சார்" என்றார் பூரிப்போடு. நான் பையனின் பேன்ட்டைப் பார்த்தேன். ஏழாம் வகுப்பில் தைத்தது, ஒன்பதாம் வகுப்பிலும் கணுக்காலை மூடியது. வருடத்துக்கு மூன்று முறை பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. அந்தக் கன்னம் மருந்தின் வீக்கம். அடங்காத நோயும் மருந்தும் சேர்ந்து உயரத்தைத் தின்றுவிட்டன.

ஸ்டீராய்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1955-இல் ட்ரூலவும் விட்ஸும் பெருங்குடல் புண் நோயில் கார்ட்டிசோன் உயிர் காப்பதை நிரூபித்தார்கள். நண்பர் அங்கேயே நின்றுவிட்டார். பத்தே வருடத்தில், 1965-இல், லெனார்ட்-ஜோன்ஸ் குழு அடங்கிய நோய் திரும்பாமல் தடுக்க பிரட்னிசோன் உதவவில்லை என்று காட்டிவிட்டது. கப்பலைத் தளத்தில் அணைத்துவிட்டு விலகும் இழுவைப் படகு அது. அதைக் கட்டிக்கொண்டே கொழும்புக்குப் போக முடியாது.

காசு என்கிறார். நோய் திரும்பாமல் தடுக்கும் அசதயோப்ரின் விலை உயர்ந்த ஊசியா? சாதாரண மாத்திரை. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், இடையிடையே ரத்த அணுக்களை எண்ண வேண்டும். நண்பருக்குக் கசப்பது இந்தக் கண்காணிப்புதான், விலை அல்ல. பிள்ளைகளுக்கு வரும் குரோன் என்ற குடல் அழற்சி நோயில் ஆறு முதல் எட்டு வாரம் சத்துப்பால் மட்டும் கொடுத்தே அழற்சியை அடக்கலாம். அதைப் பற்றி ஒரு வரிகூட அவர் எழுதவில்லை.

இன்னொன்று, இதுதான் என்னைப் பதற வைப்பது. குடல் காசநோய் குரோன் போலவே வேடமிடும், நம் நாட்டில் அது அரிதும் அல்ல. தீர விசாரிக்காமல் ஸ்டீராய்டைக் கொடுத்தால் காசம் கட்டவிழ்ந்து பரவும்.

அந்தப் பையனின் மாத்திரையை நான் சட்டென்று நிறுத்தவில்லை. அட்ரினல் சுரப்பி சோம்பிக் கிடக்கும், ஒரே நாளில் விட்டால் உயிருக்கே ஆபத்து. வாரக்கணக்கில் குறைத்தோம். ஒவ்வொரு முறையும் சுவரோடு நிறுத்தி அளந்தோம்.

நண்பரே, நீங்கள் எழுதும் சீட்டில் ஒரு பிள்ளையின் உயரத்தைக் கடைசியாக எப்போது குறித்தீர்கள்?