பாலர் கல்விக்கு ஆகும் செலவு

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது முன்னோர் வாக்கு. நம் நாட்டுச் சட்டமும் ஐந்திலிருந்தே எண்ணத் தொடங்குகின்றது. 1998 இல் ஐந்து முதல் பதினான்கு வயது வரையும், 2016 இல் பதினாறு வரையும் கல்வி கட்டாயமாயிற்று. ஆயின், பிள்ளை வளையத் தொடங்குவது மூன்றாம் வயதிலன்றோ? 1945 இல் கன்னங்கரா அவர்கள் நாட்டுக்கு ஈந்த இலவசக் கல்வியைப் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை எனப் போற்றுகின்றோம். எனினும் மூன்று, நான்கு வயதுச் சிறார் இன்றும் அதன் வேலிக்குப் புறத்தேயே நிற்கின்றனர்.

நம் ஊர்களில் இச்சிறாரைத் தாங்குவன சனசமூக நிலையங்களும் கோயில்களும் தனியாரும் நடத்தும் முன்பள்ளிகளே. அவற்றை அரசே ஏற்க வேண்டுமென்றால், "பணத்துக்கு எங்கே போவது?" என்பர் சிலர். கணக்கிட்டே விடை கூறுவோம்.

இலங்கையில் 2023 இல் பிறந்த குழந்தைகள் இரண்டரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே இவ்விரு வயதினரையும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் எனக் கொள்ளலாம். இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராக 25,000 ஆசிரியர் வேண்டும். மாத வேதனம் 40,000 ரூபா எனின் ஆண்டுக்கு 1,200 கோடி. பிள்ளையொன்றுக்கு நாளொன்றுக்கு நூறு ரூபா உணவு, இருநூறு நாட்களுக்கு 1,000 கோடி. ஆக 2,200 கோடி ரூபா. வேதனமும் உணவின் விலையும் நாம் இட்ட மதிப்பே. வேண்டுவோர் கூட்டியும் குறைத்தும் பார்க்கலாம். நாட்டு மக்கள் ஏறத்தாழ 2.2 கோடி, ஆளுக்கு ஆண்டொன்றுக்கு ஆயிரம் ரூபாவே வருகின்றது. கட்டடத்துக்குப் பெருஞ்செலவு வேண்டா; பிள்ளைகள் குறைந்த ஆரம்பப் பாடசாலைகளில் வகுப்பறைகள் வெறுமையாய்க் கிடக்கின்றன.

இச்செலவிற் பெரும்பங்கு வேதனம் என்பதை நோக்குக. இன்று அதனைச் செலுத்துவோர் யாவர்? பெற்றோர் தரும் கட்டணம் ஒருபுறம். சொற்ப ஊதியத்துக்கு உழைக்கும் முன்பள்ளி ஆசிரியைகளின் பொறுமை மறுபுறம். எனவே இது புதிதாக எழும் செலவன்று. ஏழைத் தாயும் ஏழை ஆசிரியையும் ஏலவே சுமக்கும் செலவே. நன்கொடையால் மண்டபம் எழும்; மதிலும் எழும். மாதந்தோறும் வேதனம் கொடுக்க நன்கொடையால் இயலாது. அது அரசின் கடன்.

தமிழ்நாட்டில் 1982 இல் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோதும் பணம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. இரண்டு வயதுப் பாலரையும் உட்படுத்திய அத்திட்டம் இன்றும் நின்று நிலவுகின்றது.

சுன்னாகத்துக் கமக்காரன் எத்துணைக் கடன்பட்டாலும் விதைவெங்காயத்தை விற்று உண்ணான். அவன் அறிந்ததை அரசும் அறிதல் வேண்டும். இலவசக் கல்வியால் உயர்ந்து, இன்று உலகெங்கும் பரந்து வாழும் நம் பழைய மாணவர்காள்! கல்லூரிக்கு நீவிர் அளிக்கும் கொடையை மறவோம். அதனோடு, வேலிக்குப் புறத்தே நிற்கும் அப்பாலருக்காக உங்கள் குரலையும் தருவீராக.