அடியும் இளக்குமுறையும்

குமரி மாவட்டத்து நெய்யூரைச் சுற்றியுள்ள மூன்று ஊர்களைச் சொன்னாலே, இந்த மண்ணின் தற்காப்புக் கலையான அடிமுறையின் வரலாறு பாதி வந்துவிடும்: குளச்சல், உதயகிரி, தலக்குளம். 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய் அதே மன்னரிடம் வேலைக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படைக்குத் துப்பாக்கியும் ஐரோப்பிய அணிவகுப்பும் பழக்கினார். அவருடைய கல்லறை இன்றும் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் 1809-இல் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்து உயிர்விட்டார். அதன்பின் உள்ளூர்ப் படையையும் கலைத்துவிட்டார்கள். வாளையும் கம்பையும் நம்பிப் பிழைத்தவர்களுக்கு அரசாங்கத்தில் இடமில்லாமல் போனது.

ஆனாலும் கலை அழியவில்லை. அடிக்க மட்டும் கற்றவராக ஆசான் இருந்திருந்தால் அழிந்திருக்கும். உடலில் வர்மங்கள் என்னும் உயிர்நிலைகள் 108 என்பது கணக்கு: படுவர்மம் 12, தொடுவர்மம் 96. எங்கே தட்டினால் ஆள் சுருண்டு விழுவான் என்று தெரிந்த கைக்கு, எந்த அடங்கல் புள்ளியைத் தூண்டினால் அவன் கண் திறப்பான் என்பதும் தெரியும். அதற்குப் பெயர் இளக்குமுறை. அதைக் கற்றுக்கொடுக்காமல் அடியை மட்டும் கற்றுக்கொடுப்பது ஆசான்மார்களிடம் வழக்கமில்லை. பனையிலிருந்து விழுந்தவரையும் மாடு முட்டியவரையும் கட்டிலில் தூக்கிவந்து ஆசான் வீட்டுத் திண்ணையில் கிடத்தினார்கள். நெய்யூரில் லண்டன் மிஷனின் மருத்துவப் பணி 1838-இலேயே தொடங்கி, பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது. அதற்குப் பிறகும் ஆசானின் எண்ணெய்க்கும் கட்டுக்கும் ஆள் வருவது நிற்கவில்லை. போர்க்களம் கைவிட்ட கலையை இந்தத் திண்ணைதான் காப்பாற்றியது.

இப்போது அந்தக் கலைக்கு அழைப்பு வெளியிலிருந்து வருகிறது. 2020 பொங்கலுக்கு வந்த ‘பட்டாஸ்’ படம் அடிமுறையின் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோனது. 2022-இல் ஹரியானாவில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் களரிப்பயிற்று இடம்பெற்றது. 2024-இல் அதே போட்டி தமிழ்நாட்டுக்கு வந்தபோது சிலம்பம் காட்சி விளையாட்டானது. அடுத்து அடிமுறையா என்று பிள்ளைகள் கேட்பது நியாயம்தான்.

அடிமுறை இந்த மண்ணை விட்டுப் போகக் கூடாது என்பவர்களை நான் மதிக்கிறேன். அவர்களோடு உடன்பட முடியவில்லை. தகுதியான சீடன் வரவில்லை என்பதால் கற்றுக்கொடுக்காமலே போன ஆசான்கள் உண்டு. அவர்களோடு போன வித்தையை இனி யாரும் மீட்க முடியாது. தவிர, மண் எது என்பதையே வரலாறு மாற்றிப் போட்டுவிட்டது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே வித்தையைப் பழகியவர்களுக்கு நடுவே மாநில எல்லை விழுந்தது. 1958-இல் கேரளக் களரிப்பயிற்று சங்கம் உருவானபின் இந்த வித்தை அங்கே ‘தெக்கன் களரி’ என்ற பெயரில் சேர்ந்துகொண்டது.

போகட்டும். எதைக் கொண்டுபோகிறோம் என்பதில்தான் என் கவலை.

ஒற்றைச்சுவடு பழகும் சிறுவனைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு கால் முன்னே போகிறது, முழங்கால் மடிகிறது, கை தடுக்கிறது, மறுகை வெட்டுகிறது. அப்படியே நான்கு திசைக்கும் திரும்புகிறான். ஆசான் பார்ப்பது வேகத்தையல்ல. மண்ணில் குதிகால் பதிந்திருக்கிறதா, அடித்த கை திரும்பும்போது நெஞ்சை மூடுகிறதா என்று பார்க்கிறார். போட்டி என்று வந்துவிட்டால் நடுவருக்குத் தெரிவது உயரமான உதையும் துள்ளலும்தான். மதிப்பெண் எங்கே விழுகிறதோ அங்கேதான் பயிற்சியும் சாயும். வர்ம அடியைப் போட்டியில் அனுமதிக்கவே முடியாது, அனுமதிக்கவும் கூடாது. அப்படியானால் பத்தே வருடத்தில் அடிமுறை என்ற பெயரில் மிஞ்சுவது உடற்பயிற்சிதான்.

இந்தச் சிக்கலை ஜப்பான் முன்பே சந்தித்தது. 1882-இல் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய கனோ ஜிகோரோ, உயிர்நிலையில் படும் அடிகளைப் பயிற்சி ஆட்டத்திலிருந்து விலக்கினார். ஆனால் தூக்கி எறியவில்லை. ‘காத்தா’ என்ற வரிசைப் பயிற்சிக்குள் அவற்றைப் பத்திரப்படுத்தினார். மயங்கியவரைத் தெளிவிக்கும் ‘காப்போ’ முறையையும் விட்டுவிடவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ நுழைந்தபோது, எடைவரம்பில்லாத பிரிவின் தங்கத்தை ஜப்பானியரைச் சாய்த்து எடுத்துக்கொண்டவர் ஹாலந்தின் அன்டன் கீசிங்க். ஜப்பானுக்கு அது பெரிய அடி. ஆனால் ஜூடோ உலகத்துக்குச் சொந்தமானது அந்த நாளில்தான்.

நம்மிடம் நடப்பது வேறு மாதிரி இருக்கிறது. வர்ம மருத்துவம் சித்த மருத்துவக் கல்லூரிகளின் சிறப்பு மருத்துவத் துறைக்குள் போய்விட்டது, நல்லதுதான். அடி மைதானத்துக்கும் சினிமாவுக்கும் போகிறது. ஒரே கையில் இருந்த இரண்டையும் இரண்டு துறைகள் பங்கு பிரித்துக்கொள்கின்றன. அடிக்கத் தெரிந்தவனுக்கு எழுப்பத் தெரியாத தலைமுறை ஒன்று வருமானால், 1809-இல் நேர்ந்ததைவிட அது பெரிய இழப்பு.

ஆகவே விதிகள் எழுதப்படும் முன்பே சில காரியங்கள் நடக்க வேண்டும். விதி எழுதும் குழுவில் கல்குளம், விளவங்கோடு ஆசான்கள் உட்கார வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆசான்களையும் அழைக்க வேண்டும். சுவட்டுக்குத் தனி மதிப்பெண் வேண்டும். பயிற்றுநர் சான்றிதழ் கேட்டு வருகிறவர் சென்னையிலிருந்து வந்தாலும் ஹரியானாவிலிருந்து வந்தாலும், ஓர் ஆசான் முன்னால் இளக்குமுறையைச் செய்துகாட்டிய பிறகே அதைக் கையில் வாங்க வேண்டும்.