ஆஸ்திரேலியாவில் விடுமுறைக்கால வேலை: "நீங்கள் தொழிலாளி அல்ல, குத்தகையாளர்" என்றால் உஷார்

பாலிடெக்னிக்கிலோ பல்கலைக்கழகத்திலோ படித்து முடித்த பிள்ளை, ஆயர் குரோ அல்லது பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தால் முதல் சம்பளம் எவ்வளவு என்பது மலாக்கா குடும்பங்களுக்குத் தெரியும். 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஆஸ்திரேலியாவிலோ 2025 ஜூலை 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கே 24.95 டாலர். ஒரு டாலர் மூன்று ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கைப் பார்க்கும் இளைஞரின் மனம் பெர்த்துக்கும் பிரிஸ்பேனுக்கும் பறப்பதில் வியப்பில்லை.

அப்படிப் போக நேர்வழி ஒன்று உண்டு. அதுதான் 'வேலை மற்றும் விடுமுறை' விசா எனப்படும் துணைப்பிரிவு 462. 18 முதல் 30 வயது வரையிலான, உயர்கல்வி பெற்ற மலேசியர்களுக்கு ஆண்டுக்கு 1,100 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஓராண்டு தங்கலாம், வேலையும் செய்யலாம். சுற்றுலா அனுமதியில் போய் இறங்கி, தோட்டத்தில் ஒளிந்து வேலை செய்து பிடிபடும் கதை இதில் இல்லை. ஆனால் சட்டப்படி போன பிள்ளையும் சிக்கிக்கொள்ளும் ஒரு பொறி அங்கே இருக்கிறது. அதன் பெயர் ஏபிஎன்.

ஏபிஎன் என்றால் என்ன?

ஏபிஎன் என்பது ஆஸ்திரேலியாவில் சொந்தமாகத் தொழில் செய்பவர் பெறும் வணிகப் பதிவு எண். இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. விடுமுறைக்கால வேலை விசாவில் இருப்பவரும் உண்மையிலேயே தொழில் நடத்தினால் இதைப் பெறலாம். அதில் தவறில்லை.

தவறு வேறு இடத்தில் தொடங்குகிறது. துப்புரவு நிறுவனமோ, கட்டுமானத் தளத்துக்கு ஆள் அனுப்பும் நிறுவனமோ, பழத்தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் இடைத்தரகரோ, வேலை கேட்டு வருபவரிடம், "ஏபிஎன் எடுத்துக்கொண்டு வா, நாளைக்கே வேலை" என்கிறார். வேலை நேரத்தை அவர்தான் சொல்கிறார். என்ன செய்வது, எப்படிச் செய்வது என்பதையும் அவர்தான் சொல்கிறார். மணிக்கணக்கில் கூலி. ஆனால் தாளில் மட்டும் அந்த இளைஞர் 'சுயேச்சைக் குத்தகையாளர்'.

இந்த ஒரு சொல்லால் முதலாளிக்கு மிச்சமாவது கொஞ்சநஞ்சமல்ல. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் தொழிலாளிக்குத்தான், குத்தகையாளருக்கு இல்லை. நிரந்தரமில்லாத தொழிலாளிக்கு அடிப்படைக்கு மேல் 25 விழுக்காடு கூடுதல் தர வேண்டும். குத்தகையாளருக்கு வேண்டியதில்லை. பழம் பறிப்பவருக்கு எடைக்கணக்கில் கூலி கொடுத்தாலும் மணிக்கணக்குக் குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே போகக்கூடாது என்ற விதி 2022 ஏப்ரல் 28 முதல் அமலில் இருக்கிறது. அதுவும் தொழிலாளிக்கு மட்டுமே.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்

வாரம் 38 மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். நிரந்தரமில்லாத தொழிலாளிக்குச் சட்டப்படி மணிக்கு ஏறக்குறைய 31.19 டாலர். வாரத்துக்கு 1,185 டாலர். விடுமுறைக்கால வேலை விசாவில் இருப்பவருக்கு முதல் டாலரிலிருந்தே 15 விழுக்காடு வரி உண்டு. அது போக கையில் 1,007 டாலர் நிற்கும்.

அதே வேலையை ஏபிஎன்னில் மணிக்கு 20 டாலருக்கு ஒப்புக்கொண்டால் வாரத்துக்கு 760 டாலர். முதலாளி வரி பிடிக்கவில்லை என்பதால் முழுத்தொகையும் கையில் வருவது போலத் தெரியும். ஆனால் நிதியாண்டு ஜூன் 30-இல் முடிந்ததும் கணக்குக் காட்டி அதே 15 விழுக்காட்டை அவரே கட்ட வேண்டும். அதைக் கழித்தால் மிஞ்சுவது 646 டாலர். வித்தியாசம் வாரத்துக்கு 361 டாலர். ஆறு மாதத்தில் 9,000 டாலருக்கு மேல். நம் பணத்தில் ஏறக்குறைய 25,000 ரிங்கிட்.

ஓய்வுகாலச் சேமநிதியும் இதில் சேரவில்லை. தொழிலாளி என்றால் சம்பளத்துக்கு மேல் 12 விழுக்காட்டை முதலாளி சேமநிதியில் கட்ட வேண்டும். நாடு திரும்பும்போது அதை எடுத்தால், இந்த விசாக்காரர்களுக்கு 65 விழுக்காடு வரி போய்விடும் என்பது உண்மை. ஆனாலும் மிச்சம் 35 விழுக்காடு அவருடைய பணம்.

பணத்தைவிடப் பெரியது உடம்பு. ஆஸ்திரேலியாவின் மெடிகேர் மருத்துவத் திட்டத்தில் பரஸ்பர ஒப்பந்தம் உள்ள நாடுகளின் பட்டியலில் பிரிட்டனும் அயர்லாந்தும் உண்டு, மலேசியா இல்லை. சாரத்திலிருந்து விழுந்தால் தொழிலாளிக்கு விபத்து இழப்பீட்டுக் காப்புறுதி கைகொடுக்கும். குத்தகையாளர் என்று கையெழுத்திட்டவர் முதலில் தன்னைத் தொழிலாளி என்று நிரூபிக்கப் போராட வேண்டியிருக்கும், அதுவும் மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு.

பெர்த் நகரில் நடந்த வழக்கு

இது வெறும் அச்சம் அல்ல. ஆஸ்திரேலியாவின் உச்ச நீதிபீடம் வரை போன வழக்கே இருக்கிறது.

2016-இல் விடுமுறைக்கால வேலை விசாவில் பெர்த் வந்த 22 வயது பிரிட்டிஷ் இளைஞர் ஒருவர், கட்டுமானத் தளங்களுக்கு ஆள் அனுப்பும் பெர்சனல் கான்டிராக்டிங் என்ற நிறுவனத்தை அணுகினார். 'கான்ஸ்டிரக்ட்' என்ற பெயரில் தொழில் நடத்திய அந்நிறுவனம், அவரைச் 'சுயதொழில் குத்தகையாளர்' என்று குறிப்பிடும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது. பிறகு ஹான்சன் என்ற கட்டுமான நிறுவனத்தின் தளத்துக்கு அனுப்பியது. அங்கே அவர் செய்தது குப்பை அள்ளுவது, பொருள் தூக்குவது போன்ற எடுபிடி வேலை. மேற்பார்வையாளர்கள் சொன்னதைச் செய்தார்.

கட்டுமானத் துறைக்கான சட்டபூர்வச் சம்பளம் தனக்குத் தரப்படவில்லை என்று அவரும் தொழிற்சங்கமும் வழக்குத் தொடுத்தனர். கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றனர். 2020-இல் மேல்முறையீட்டிலும் தோற்றனர். 2022 பிப்ரவரி 9-ஆம் தேதிதான் ஆஸ்திரேலிய ஹைகோர்ட் பெரும்பான்மைத் தீர்ப்பில் அவர் தொழிலாளிதான் என்று சொன்னது. அந்நாட்டில் ஹைகோர்ட் என்பதே உச்ச நீதிமன்றம். ஒப்பந்தத்தில் ஒட்டப்பட்ட பெயர் முடிவானதல்ல, அந்த ஒப்பந்தம் யாருக்கு என்ன உரிமை, என்ன கடமை தருகிறது என்பதே முக்கியம் என்பது தீர்ப்பின் சாரம். எங்கே வேலை செய்வது, யார் சொல்வதைக் கேட்பது என்று ஆணையிடும் உரிமை நிறுவனத்திடம் இருந்தது. அப்படியிருக்க அவர் எந்தத் தொழிலின் முதலாளி?

அதே நாளில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. சொந்த லாரிகளை வைத்து, மனைவியரோடு கூட்டாகத் தொழில் நடத்தி, ஒரே நிறுவனத்துக்குப் பல்லாண்டுகள் சரக்கு ஏற்றிய இரு ஓட்டுநர்களின் வழக்கு அது. அவர்கள் குத்தகையாளர்களே என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் தெளிவாகிறது. லாரி, அதன் செலவு, கூட்டுத் தொழில் எல்லாம் உள்ளவர் ஒரு வகை. இரண்டு கையை மட்டும் கொண்டுபோனவர் வேறு வகை.

அதற்குப் பிறகு சட்டமும் தொழிலாளிப் பக்கம் ஓரளவு நகர்ந்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் 26 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, ஒருவர் தொழிலாளியா இல்லையா என்பதை ஒப்பந்தத் தாளை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. வேலை உண்மையில் எப்படி நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தொழிலாளியைக் குத்தகையாளர் என்று பொய்யாகக் காட்டுவது ஏற்கெனவே குற்றம். அதிலிருந்து முதலாளி தப்பிக்கும் வழியும் இப்போது குறுகிவிட்டது. 2025 ஜனவரி 1 முதல், வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பது கிரிமினல் குற்றமாகவும் ஆகியிருக்கிறது.

ஆனால் பெர்த் இளைஞருக்குப் பின்னால் ஒரு பெரிய தொழிற்சங்கம் நின்றது. 2016-இல் தொடங்கிய வேலைக்கு 2022-இல்தான் பதில் கிடைத்தது. ஓராண்டு விசாவில் போகும் ஜாசின் பிள்ளைக்கு அவ்வளவு காலம் இருக்காது. சட்டம் பக்கத்தில் இருந்தாலும், பொறியில் காலை வைக்காமல் இருப்பதே அவருக்கு நல்லது.

தோட்டத்துக்குத் தெரிந்த கதை

இதில் தோட்டத்துத் தமிழருக்குப் புதிதாக எதுவும் இல்லை. செக்ரோலில் பெயர் உள்ளவருக்கு ஒரு நியாயம், குத்தகையாளரின் கீழ் வேலை செய்தவருக்கு வேறு நியாயம் என்பதை ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். ஒரே நிரையில் பால்வெட்டினாலும், ஒரே செம்பனைக் குலையைத் தூக்கினாலும், ஒருவருக்கு இபிஎப், சொக்சோ உண்டு. இன்னொருவரைக் கேட்டால் "குத்தகைக்காரரைக் கேள்" என்பார்கள்.

இந்தத் தந்திரம் சட்டத்துக்கும் தெரியும். குத்தகையாளர் கூலி கொடுக்காமல் ஏமாற்றினால், வேலையை ஒப்படைத்த தலைமை நிறுவனமும் மூன்று மாதச் சம்பளம் வரை பொறுப்பேற்க வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு சொல்கிறது. 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள 101சி பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லாதபோது, வேலை நேரத்தையும் முறையையும் ஒருவர் கட்டுப்படுத்தினால், கருவிகளை அவரே கொடுத்தால், வேலை செய்பவரைத் தொழிலாளி என்றே சட்டம் அனுமானிக்கும். உணவு கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களுக்காக 2025 ஆகஸ்ட் 28-இல் மக்களவையில் நிறைவேறிய கிக் தொழிலாளர் சட்டமும் இதே கேள்வியிலிருந்து பிறந்ததுதான்.

ஆகவே, ஆஸ்திரேலியா போகும் பேரனுக்கு இந்த விஷயத்தில் பாடம் சொல்லத் தகுதியானவர் புலனத்தில் விளம்பரம் அனுப்பும் முகவர் அல்ல. வீட்டுத் திண்ணையில் இருக்கும் தாத்தாதான்.

புறப்படுவதற்கு முன்

வேலை கிடைத்ததும் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. வேலை நேரத்தை யார் முடிவு செய்வது? தன் இடத்தில் வேறொருவரை அனுப்ப முடியுமா? விலையைத் தானே பேசி முடிவு செய்ய முடியுமா? சொந்தக் கருவி உண்டா, வேறு வாடிக்கையாளர்கள் உண்டா? எல்லாவற்றுக்கும் பதில் 'இல்லை, முதலாளிதான்' என்றால், ஏபிஎன் கேட்பது சந்தேகத்துக்குரியது. வரிக் கோப்பு எண்ணைக் கொடுத்து, சம்பளச் சீட்டு கேட்க வேண்டும்.

முடி திருத்துதல், புகைப்படம், கணினி வடிவமைப்பு என்று கையில் தொழில் வைத்திருப்பவர் உண்மையான குத்தகையாளராக இருக்கலாம். அவர் வரிக்கும் காப்புறுதிக்கும் சேர்த்து விலை சொல்ல வேண்டும். ஒவ்வொரு ரசீதையும் வைத்திருக்க வேண்டும். ஏபிஎன் எடுத்துவிட்டால் ஒரே இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யலாம் என்று சொல்பவரை நம்பக்கூடாது. அந்த விசா நிபந்தனையிலிருந்து ஏபிஎன் தப்பவிடாது.

இரண்டாம் ஆண்டு விசாவுக்காக உள்நாட்டுப் பகுதியில் பழத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சட்டப்படி சம்பளம் வாங்கிய வேலையைத்தான் குடிநுழைவுத் துறை கணக்கில் எடுக்கும். குறைந்த கூலிக்கு மூன்று மாதம் உழைத்தவர், கூலியோடு இரண்டாம் ஆண்டையும் இழக்கக்கூடும்.

ஆள் அனுப்பும் நிறுவனங்களுக்குக் குயின்ஸ்லாந்தில் 2018 முதலும் விக்டோரியாவில் 2019 முதலும் உரிமம் கட்டாயம். அந்தப் பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம். பெயர் இல்லாத நிறுவனத்திடம் ஒரு காசும் கட்டக்கூடாது.

ஏற்கெனவே சிக்கியவருக்கும் வழி உண்டு. ஆஸ்திரேலியாவுக்குள் 13 13 94 என்ற எண்ணில் 'ஃபேர் வொர்க்' தொழிலாளர் அலுவலகத்தை அழைக்கலாம். 131 450 வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். வேலையில் ஏமாற்றப்பட்டதாகப் புகார் கொடுப்பவரின் விசாவைப் பொதுவாக ரத்து செய்வதில்லை என்ற ஏற்பாடு 2017 முதல் இருக்கிறது. "புகார் செய்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்பது பெரும்பாலும் முதலாளியின் மிரட்டல்தான். வேலை செய்த நாள், நேரம், யார் சொன்னது, எவ்வளவு கொடுத்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் எழுதிவைத்தவரின் புகார் பலமாக நிற்கும்.

பிள்ளையை விமானம் ஏற்ற நகையை அடகு வைக்கும் பெற்றோர், விசா கிடைத்ததா என்று கேட்பதோடு நிறுத்தக்கூடாது. அங்கே போனதும் எந்தப் பெயரில் வேலை, தொழிலாளியாகவா குத்தகையாளராகவா என்பதையும் கேட்க வேண்டும். பதில் தெரியாமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்ப வேண்டும்.