பட்டை அழகு, பட்டி முக்கியம்

கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் ஆணிடம் அளவைக் கிசுகிசுத்துவிட்டு, சுற்றித் தந்ததை வாங்கிக்கொண்டு ஓடிவருவது: பல பெண்கள் பிரா வாங்கிய விதம் இதுதான். பெங்களூரில் 2011இல் ரிச்சா கர் தொடங்கிய ஜிவாமே இந்தக் கூச்சத்தில்தான் சந்தையைக் கண்டது. இணையத்தில் வாங்கினால் யாரிடமும் கிசுகிசுக்க வேண்டாம். (2020இல் நிறுவனம் ரிலையன்ஸ் வசமானது.)

கூச்சம் குறைந்தது. அளவுக் குழப்பம் குறையவில்லை. முதுகிலும் மார்பிலும் குறுக்கே பட்டைகள் ஓடும் 'ஸ்ட்ராப்பி' செட்டுகள் அதை உடனே காட்டிக்கொடுக்கும். பட்டை ஒன்று சதையில் பதியும், இல்லையேல் தொளதொளக்கும். கனத்தைப் பெரும்பாலும் தாங்குவது தோள்பட்டை அல்ல, மார்புக்குக் கீழே சுற்றிவரும் பட்டி. டேப்பை அங்கே வைத்து அளந்துகொள்ளுங்கள். பட்டி முதுகில் மேலேறினால் பெரிய சைஸ் என்று அர்த்தம். புதிதை ஓரக் கொக்கியில் மாட்டிப் பாருங்கள். எலாஸ்டிக் தளரும்போது உள்கொக்கிகள் உதவும்.

முதுகு இறங்கிய ரவிக்கைக்கும் வலைத்துணி டாப்ஸுக்கும் பட்டை தெரிவதே அழகு. ஒட்டிய டி-ஷர்ட்டுக்குள் மேடுமேடாகத் துருத்தும்.

பரிசளிக்க விரும்பும் கணவர்கள் பழைய லேபிளைப் பார்த்துவிட்டுப் போகலாம். அதுவே தப்பான சைஸாகவும் இருக்கலாம்!

கையால் அலசுங்கள், மெஷினில் பட்டைகள் பின்னிக்கொள்ளும். கொடியில் புடவைக்கு அடியில் ஒளித்துக் காயப்போடாதீர்கள். ஈரம் தங்கினால் பூஞ்சைத் தொற்று வரும்.