முற்பணத்துக்கு முன் உறுதியைப் பாருங்கள்

லயத்தை விட்டு டவுன் பக்கம் பத்து பேர்ச் காணியாவது வாங்க நினைப்பது பேராசையல்ல. பரம்பரையாக உழைத்தும் சொந்த முகவரி இல்லாதவர்களின் நியாயமான ஆசை அது. ஆனால் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கும் சேமலாப நிதியை, மலிவு என்ற ஒரே சொல்லை நம்பித் தரகரிடம் கொடுத்துவிடக் கூடாது.

வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கினால் காணி நமதாகாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, விற்பனை உறுதி நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். அரச அனுமதிப்பத்திரக் காணியை வைத்திருப்பவர் தன் இஷ்டத்துக்கு விற்கவும் முடியாது.

ஆகவே முற்பணம் கொடுக்குமுன் உறுதியின் பிரதியையும் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். விற்பவரின் நொத்தாரிசை நம்பாமல், நீங்களே ஒருவரை அமர்த்திக் காணிப் பதிவகத்தில் தேடச் சொல்லுங்கள். பாதையையும் தண்ணீரையும் நேரில் பாருங்கள். சரிவான காணியென்றால் மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் விசாரியுங்கள்.

வசதியுள்ளவர் வெளியே வாங்கட்டும். அதற்காகத் தோட்டத்திலேயே உறுதியுடன் காணி வேண்டும் என்ற நமது கோரிக்கையை யாரும் கைவிட வேண்டாம், தோழர்களே. வாங்க முடியாதவர்களே நம்மில் அதிகம்.