முதலைக்குத் தேவை மடு

சிதம்பரம் வட்டார நாளிதழ்ப் பக்கங்களில் மழைக்காலம்தோறும் தவறாமல் இடம்பிடிக்கும் செய்தி ஒன்று உண்டு. குளத்தில் முதலை, வாய்க்காலில் முதலை, சில நாள் வீட்டுக் கொல்லையிலேயே முதலை. வனத்துறையினர் வருவார்கள், வாயையும் காலையும் கயிற்றால் கட்டுவார்கள், வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விடுவார்கள். செய்தி அத்தோடு முடியும். தலைப்பு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை: 'ஊருக்குள் புகுந்த முதலை.' அது எங்கிருந்து கிளம்பியது, அங்கே எது இல்லாமல் போனதால் கிளம்பியது என்று யாரும் கேட்பதில்லை. முதலைப் பிரச்சினை என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது உண்மையில் ஆற்றுப் பிரச்சினை. ஆற்றைக் கவனிக்காமல் முதலையைப் பிடிப்பது முடிவில்லாத வேலை.

முதலைக்குத் தண்ணீர் வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். எப்படிப்பட்ட தண்ணீர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் ஆறுகளில் இருப்பது நன்னீர் முதலை. அதன் உடல் தானாகச் சூட்டை உண்டாக்கி நிலைநிறுத்திக்கொள்வதில்லை. காலை வெயிலில் கரையேறிக் கிடந்து சூடேற்றிக்கொள்ளும். வெயில் உறைத்தால் வாயைப் பிளந்து சூட்டைத் தணிக்கும், அதுவும் போதாதபோது தண்ணீருக்குள் இறங்கிவிடும். இணைசேர்வது தண்ணீரில். இரைக்குப் பதுங்குவதும் பெரும்பாலும் தண்ணீரில்தான். முட்டையிட மட்டும் கரைக்கு வந்தாக வேண்டும். மாசி, பங்குனி வாக்கில், தண்ணீர் எட்டாத மேட்டு மணலில் குழிபறித்து முட்டையிடும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குஞ்சு வெளிவரும். அது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது அந்த மணலின் சூடு. ஆக, ஆழமான மடு, வெயில் படும் சரிவு, மிதமான சூடுள்ள மணல்மேடு, இந்த மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். கரையெல்லாம் கான்கிரீட் போட்ட குளத்தில் நிறையத் தண்ணீர் இருக்கலாம். முதலை குடும்பம் நடத்த அது உதவாது. தண்ணீரை விட்டால் முதலைக்கு வலுவில்லை என்று வள்ளுவர் காலம் தொட்டுச் சொல்லிவருகிறோம். சண்டையைப் பொறுத்தவரை அது சரி, தரையில் அது சீக்கிரமே களைத்துப்போகும். ஆனால் நடக்காது என்று அர்த்தமில்லை. இருந்த மடு வற்றினால் கரையில் வளை தோண்டிப் பதுங்கும், அல்லது இரவோடு இரவாக அடுத்த நீர்நிலையைத் தேடி நடக்கும்.

இனி சிதம்பரம் பக்கம் ஓடும் கொள்ளிடத்தைப் பாருங்கள். அது காவிரியின் வடிகால். முக்கொம்பில் மிஞ்சும் வெள்ளம்தான் அதில் வருகிறது. வெள்ளம் இல்லாத மாதங்களில் அகலமான மணல்வெளியும், ஆங்காங்கே தேங்கி நிற்கும் மடுக்களும்தான் ஆறு. முதலை கோடையைக் கழிப்பது அந்த மடுக்களில். அந்த மணல்வெளியைத்தான் பல பத்தாண்டுகளாக அள்ளினோம். மணல் வெறும் கட்டுமானப் பொருள் அல்ல, வெள்ளத்தில் குடித்த தண்ணீரைக் கோடை வரைக்கும் பிடித்துவைத்து மடுவுக்குக் கசியவிடுவது அதுதான். அள்ள அள்ள ஆற்றின் தரை இறங்குகிறது, கரை இடிகிறது, முட்டையிடும் மேடு காணாமல் போகிறது, கழிமுகப் பக்கம் உப்புநீர் உள்ளே ஏறுகிறது. மணல் அள்ளிய பள்ளத்திலும் தண்ணீர் தேங்குகிறதே என்று கேட்கலாம். தேங்கும். ஆனால் லாரி வந்துபோகும் பள்ளத்தில் எந்த முதலையும் நிலைத்து வாழாது. பிறகு வெள்ளம் வருகிறது, ஆறும் அதன் பழைய தடமான பழைய கொள்ளிடமும் வாய்க்காலும் வயலும் ஒரே நீர்ப்பரப்பாகின்றன. வடிந்தபின் முதலை ஏதோ ஒரு ஊர்க் குளத்தில் மாட்டிக்கொள்கிறது. அதற்குத் திரும்பிப்போக நல்ல மடு இருந்தால் போயிருக்கும்.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. இவை இயற்கையான முதலைகளே அல்ல, பண்ணையில் பொரித்து விட்டவை என்பது ஒன்று. 1975இல் மத்திய அரசின் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபின் பண்ணைக் குஞ்சுகளைத் தமிழக நீர்நிலைகளில் விட்டது உண்மைதான். ஆனால் கொள்ளிடக் கரையில் முதலைமேடு என்றே ஓர் ஊர் இருக்கிறது, வனத்துறை வைத்த பெயர் அல்ல அது. மொத்தமாகப் பிடித்துத் தொலைவில் விட்டால் என்ன என்பது அடுத்த கேள்வி. ஆஸ்திரேலியாவில் அதைச் செய்து பார்த்தார்கள். பிடித்த உப்புநீர் முதலைகளை ஹெலிகாப்டரில் தூக்கிப்போய் விட்டுவிட்டு, செயற்கைக்கோள் கருவியால் பின்தொடர்ந்தார்கள். கேப் யார்க் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் பிடித்துக் கிழக்குக் கரையில் விட்ட ஒன்று, தீபகற்பத்தின் முனையைச் சுற்றிக்கொண்டு 400 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி, 20 நாளில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. நம்முடைய முதலை வேறு இனம், கடல் வழியே சுற்றிவராது. ஆனால் வக்காரமாரிக்கும் பழைய கொள்ளிடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது? மேலும் வக்காரமாரி சிதம்பரம் நகரத்தின் குடிநீர் ஆதாரம். அங்கே எத்தனை முதலையைத்தான் நிரப்புவது?

மூன்றாவது மறுப்புதான் கனமானது: ஆற்றில் குளித்தவர்கள் செத்திருக்கிறார்கள், ஆடு மாடு போயிருக்கிறது, முதலைக்குப் பரிந்து பேச உனக்கென்ன வந்தது என்பது. இதை ஒதுக்கிவிட்டு எழுதும் சூழலியல் கட்டுரைகளில் எனக்கு உடன்பாடில்லை. ஆற்றுத்துறையில் துணி துவைக்கும் பெண்ணிடம் பல்லுயிர்ச் சூழல் பற்றி வகுப்பெடுக்க முடியாது. ஆனால் செய்யக்கூடியது இருக்கிறது. ஒடிசாவின் பிதர்கனிகாவைச் சுற்றியுள்ள ஊர்களில் குளிதுறைகளுக்குத் தடுப்பு வேலி போட்டிருக்கிறார்கள். இலங்கையில் மாத்தறைப் பக்கம் நில்வளா கங்கையிலும் துறையைச் சுற்றிக் கம்புகளும் கம்பிவலையும் அடித்து முதலை நுழையாமல் தடுக்கும் வழக்கம் உண்டு. பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. பஞ்சாயத்து நிதியிலேயே கட்டலாம், ஆண்டுதோறும் வெள்ளத்துக்குப் பிறகு பழுதுபார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கொள்ளிடத்தில் அணைக்கரையிலிருந்து கடல் வரைக்கும் கோடையில் வற்றாத மடுக்கள் எவை, முதலை முட்டையிடும் மேடுகள் எவை என்று நீர்வளத்துறையும் வனத்துறையும் சேர்ந்து கணக்கெடுத்து வரைபடத்தில் குறிக்கட்டும். அந்த இடங்களில் மணல் குவாரிக்கு அனுமதி இல்லை என்று அறிவிக்கட்டும். முதலை நடமாட்டம் உள்ள ஒவ்வொரு துறைக்கும் வேலி போடட்டும். மாவட்ட நிர்வாகங்கள் இதை அடுத்த வெள்ளத்துக்கு முன்பே தொடங்கிவிடலாம்.